போரைப் பற்றிப் பேசாதே: ஒரு சிரிப்பின் ஐம்பது ஆண்டுகள்

விடுதியின் உணவுக்கூடத்தில் ஒரு ஜெர்மானியப் பெண் அழுதுகொண்டிருக்கிறார். எதிரே, தலையில் கட்டுடன் நிற்கும் விடுதி முதலாளி அவரைச் சிரிக்க வைப்பதற்காக ஒரு ஜோக் சொல்ல ஆரம்பிக்கிறார். விமானத்தில் இருந்து பெர்லின் மீது குண்டு வீசுவது பற்றிய ஜோக். படப்பிடிப்பு அரங்கில் அமர்ந்திருக்கும் பார்வையாளர்களின் சிரிப்பு பலத்துக்கொண்டே போகிறது. அந்தப் பெண்ணின் அழுகையும்தான்.

1975ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் பிபிசியின் இரண்டாம் அலைவரிசையில் ஒளிபரப்பான 'ஃபால்ட்டி டவர்ஸ்' தொடரின் ஆறாவது பகுதியில் வருகிறது இக்காட்சி. அப்பகுதியின் பெயர் 'த ஜெர்மன்ஸ்'. அரைமணி நேர நகைச்சுவை நாடகம். ஆனால் அதைப் பற்றி நாளிதழ் விமர்சகர்களும் வரலாற்றாசிரியர்களும் ஊடக ஆய்வாளர்களும் ஒளிபரப்பு நிறுவனங்களும் ஐம்பது ஆண்டுகளாக ஒரே கேள்வியைத்தான் வெவ்வேறு சொற்களில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நாம் இங்கே யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்? அந்தக் கேள்வியின் வரலாற்றைச் சுருக்கமாகத் தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இந்திய வாசகனுக்கு அந்த வரலாற்றில் ஒரு தனிப்பட்ட அக்கறையும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

*

1970இல் 'மான்ட்டி பைத்தான்' குழுவினர் படப்பிடிப்புக்காக டார்க்கீ என்னும் கடற்கரை ஊருக்குச் சென்றபோது க்ளென்ஈகிள்ஸ் என்ற விடுதியில் தங்கினார்கள். அதை நடத்திய டொனால்ட் சின்க்ளேர், விருந்தினர்களைத் தொல்லையாகவே கருதிய விடுதிக்காரர். எரிக் ஐடிலின் பெட்டிக்குள் கடிகாரச் சத்தம் கேட்டதென்று, வெடிகுண்டாக இருக்கலாம் என அதைத் தோட்டச் சுவருக்கு அப்பால் கொண்டுபோய் வைத்தவர். அமெரிக்கரான டெரி கில்லியம் முள்கரண்டி பிடிக்கும் விதத்தைக் குறை சொன்னவர். குழுவில் இருந்த ஜான் கிளீஸ் அவரை மறக்கவில்லை. பின்னர் மனைவி கானி பூத்துடன் சேர்ந்து எழுதிய தொடரில் அவரே பேசில் ஃபால்ட்டியாக உருமாறினார்.

முதல் வரவேற்பு உற்சாகமானதல்ல. 1974இல் முதல் பகுதியின் பிரதியைப் படித்த பிபிசியின் நகைச்சுவைப் பிரிவு ஆசிரியர் ஒருவர், தேய்ந்த வழக்குகளும் வார்ப்புப் பாத்திரங்களும் நிறைந்தது என்றும் பெரும் தோல்வியாகவே முடியும் என்றும் குறிப்பு எழுதினார். அந்தக் குறிப்பு இன்று ஆங்கில நகைச்சுவை வரலாற்றின் புகழ்பெற்ற ஆவணங்களில் ஒன்று. தொடங்கிய நாட்களில் நாளிதழ் விமர்சனங்களும் கலவையாகவே இருந்தன. பிறகு காற்று மாறியது. பிரிட்டிஷ் அகாதெமி விருது வந்தது. 1975இல் ஆறு, 1979இல் ஆறு என மொத்தமே பன்னிரண்டு பகுதிகள். 2000ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் வெளியிட்ட மிகச் சிறந்த நூறு பிரிட்டிஷ் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளின் பட்டியலில் இத்தொடரே முதலிடம் பெற்றது. 'த ஜெர்மன்ஸ்' பகுதிக்கு மட்டுமேயான ஓர் அங்கீகாரம் அமெரிக்காவிலிருந்து வந்தது. 'டிவி கைட்' இதழ் 1997இல் தயாரித்த எக்காலத்துக்குமான நூறு சிறந்த தொலைக்காட்சிப் பகுதிகளின் வரிசையில் அது பன்னிரண்டாம் இடத்தில் இருந்தது.

பார்க்காதவர்களுக்காகக் கதை. பேசிலின் மனைவி சிபில் கால் நகத்தில் ஒரு சிறு அறுவைசிகிச்சைக்காக மருத்துவமனையில் இருக்கிறாள். பேசில் தனியாக விடுதியைக் கவனிக்க வேண்டும். மூஸ் மானின் பாடம் செய்த தலையைச் சுவரில் மாட்ட வேண்டும். தீ விபத்து ஒத்திகை நடத்த வேண்டும். ஒத்திகையின்போது சமையலறையில் உண்மையாகவே தீப்பற்றுகிறது. களேபரத்தில் வாணலியால் தலையில் அடிபட்டு பேசிலும் மருத்துவமனைக்குப் போகிறார். மூளை கலங்கிய நிலையில் அங்கிருந்து தப்பி விடுதிக்கு வந்தால், ஜெர்மானிய விருந்தினர்கள் உணவுக்குக் காத்திருக்கிறார்கள். பணிப்பெண் பாலியிடம் அவர் இடும் கட்டளை ஒன்றே: போரைப் பற்றிப் பேசாதே. அதன்பின் அவர் வாயிலிருந்து போரைத் தவிர வேறொன்றும் வருவதில்லை. உணவுப் பட்டியலைத் திருப்பிச் சொல்லும்போதே கோயபல்ஸும் கோரிங்கும் உள்ளே நுழைந்துவிடுகிறார்கள். கடைசியில் ஹிட்லரைப்போல் மூக்கின் கீழ் விரலை வைத்துக்கொண்டு, கால்களை விறைப்பாக உயர்த்தி நடந்து காட்டுகிறார். சுவரிலிருந்த மான் தலை கழன்று அவர்மேல் விழுகிறது. இவர்கள் எப்படித்தான் போரில் வென்றார்களோ என்று வியக்கும் ஜெர்மானியரின் சொற்களோடு நாடகம் முடிகிறது.

*

இதன் முதல் வாசிப்பு, இது கச்சிதமான ஒரு கூத்து என்பது. அந்த வாசிப்புக்கு ஹென்றி பெர்க்சன் துணை நிற்பார். உயிருள்ள மனிதன் இயந்திரம்போல் ஆகும்போது சிரிப்பு பிறக்கிறது என்று 1900இல் எழுதியவர் அவர். பேசிலின் அந்த நடை பெர்க்சனின் கோட்பாட்டுக்கு வரைந்த படம்போல் இருக்கும்.

இரண்டாம் வாசிப்பு ஃபிராய்டிலிருந்து தொடங்குகிறது. 1901இல் அவர் வாய்தவறல்களைப் பற்றி எழுதியபோது, அழுத்தி வைத்தது வேறு வாசல் வழியாக வெளியேறும் என்றார். பேசிலின் தலையில் பட்ட அடி புதிதாக எதையும் உண்டாக்கவில்லை. இருந்த மூடியைத் திறந்துவிட்டது, அவ்வளவுதான். அந்த மூடிக்குக் கீழே இருந்தது பேசிலின் மனம் மட்டுமல்ல என்பதே இந்த வாசிப்பின் அடுத்த படி. 1973இல் பிரிட்டன் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்திருந்தது. 1975 ஜூன் மாதம் நடந்த பொதுவாக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்கினர் அதில் நீடிக்க வாக்களித்திருந்தார்கள். நான்கு மாதங்கள் கழித்து இந்த நாடகம். இப்போது நாம் அனைவரும் ஒரே சந்தையில் இருக்கிறோம், பழைய பகைகள் மறந்துபோயின என்று பேசிலும் ஜெர்மானியர்களிடம் சொல்லத்தான் செய்கிறார். சொல்லி முடிப்பதற்குள் போர் வந்துவிடுகிறது. வாக்குச்சீட்டில் ஒன்றும் மனத்துக்குள் வேறொன்றுமாக வாழ்ந்த ஒரு நாட்டின் படம் இது. வென்ற போரைத் தவிரப் பெருமைப்பட வேறொன்றுமில்லாத, பேரரசை இழந்த நடுத்தர வர்க்க ஆங்கிலேயனே இங்கு நோயாளி. ஜெர்மானியர்கள் அவன் நோயைப் பார்க்க நேர்ந்த சாட்சிகள்.

இந்த வாசிப்பையே கிளீஸும் தொடர்ந்து வலியுறுத்திவந்திருக்கிறார். எள்ளலின் இலக்கு ஜெர்மானியர்களல்ல, பழையதைப் பற்றிக்கொண்டிருக்கும் ஆங்கிலேயர்களே என்று. வரலாற்றாசிரியர் ஜான் ராம்ஸ்டன் 1890 முதல் பிரிட்டிஷாரும் ஜெர்மானியரும் ஒருவரையொருவர் பார்த்த விதத்தைப் பற்றி 2006இல் ஒரு நூல் எழுதியபோது, அதற்குத் தலைப்பாக வைத்தது பேசிலின் கட்டளையைத்தான். ஒரு நகைச்சுவைத் தொடரின் வசனம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலான அரசியல் உறவுக்குத் தலைப்பாக முடிந்தது. கல்வித்துறை இப்பகுதிக்கு அளித்த பெரிய மரியாதை அது என்று நினைக்கிறேன்.

*

ஆனால் கல்வித்துறைக்கு வெளியே நாடகம் வேறு வாழ்க்கை வாழ்ந்தது. வசனமும் அந்த நடையும் மட்டும் தனியாகக் கழன்று விளையாட்டு மைதானங்களுக்கும் மதுக்கூடங்களுக்கும் போயின. 1996 ஜூனில் ஐரோப்பியக் கால்பந்துப் போட்டியின் அரையிறுதியில் இங்கிலாந்தும் ஜெர்மனியும் மோதவிருந்த வேளையில், 'டெய்லி மிரர்' நாளிதழ் தன் முதல் பக்கத்தில் இரண்டாம் உலகப்போரின் மொழியில் ஜெர்மானியர்களைச் சரணடையச் சொன்னது. எதிர்ப்பு கிளம்பியபின் அதன் ஆசிரியர் மன்னிப்புக் கேட்டார். அந்தப் பக்கத்தைத் தயாரித்தவர்கள் பேசிலைப் பார்த்துச் சிரித்தவர்களாக இருந்திருக்கலாம். ஆனால் அவர்கள் செய்தது பேசிலின் வேலையை. 2002 முதல் 2006 வரை லண்டனில் ஜெர்மானியத் தூதராக இருந்த தாமஸ் மட்டுசெக், பிரிட்டிஷ் பள்ளிகளின் வரலாற்றுப் பாடம் நாஜிக் காலத்தைத் தாண்டி நகர்வதே இல்லை என்று பலமுறை குறைபட்டுக்கொண்டார். 2006இல் ஜெர்மனியில் உலகக்கோப்பை நடந்தபோது கிளீஸே தன் பழைய வசனத்தைத் திரித்து, உலகக்கோப்பையைப் பற்றிப் பேசாதே என்று ஒரு பாடலை வெளியிட்டார். ரசிகர்கள் ஜெர்மானியர்களைச் சீண்டாமலிருக்க வேண்டும் என்பது அதன் உட்பொருள்.

இங்கே எது தொலைந்துபோனது? அழும் பெண்ணின் முகம். நாடகத்தில் பேசிலின் நடைக்கு ஒரு விலை உண்டு, அந்த விலை திரையிலேயே தெரிகிறது. மைதானத்தில் நடந்து காட்டுபவனுக்கு எதிரே அந்த முகம் இல்லை.

ஊடக ஆய்வாளர்கள் இதற்கு முன்பே சொற்களைத் தயாரித்து வைத்திருந்தார்கள். ஜமைக்காவில் பிறந்து பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஸ்டூவர்ட் ஹால், 1973இல் எழுதிய கட்டுரையில், தொலைக்காட்சிப் பிரதியில் ஆக்கியவர் பொதிந்து வைக்கும் பொருளும் பார்ப்பவர் பிரித்தெடுக்கும் பொருளும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்றார். அதை வாழ்வில் சோதித்துப் பார்த்த ஆய்வொன்று மறு ஆண்டே வந்தது. பிரிட்டிஷ் தொடரான 'டில் டெத் அஸ் டூ பார்ட்'டைத் தழுவி அமெரிக்காவில் எடுக்கப்பட்ட 'ஆல் இன் த ஃபேமிலி'யின் நாயகன் ஆர்ச்சி பங்கர், வாய் திறந்தால் இனவெறி பேசுபவன். அவனைக் கேலி செய்வதே தொடரின் நோக்கம் என்று ஆக்கியவர்கள் கூறினர். நீல் விட்மர், மில்டன் ரோகீச் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்க இளைஞர்களையும் கனடியப் பெரியவர்களையும் விசாரித்து 1974இல் முடிவுகளை வெளியிட்டார்கள். முன்முடிவுகள் மிகுந்த பார்வையாளர்கள் ஆர்ச்சியைக் கேலிப்பொருளாகப் பார்க்கவில்லை. தங்கள் மனத்தில் உள்ளதைத் துணிந்து பேசுபவனாகவே அவனை ரசித்தார்கள். அங்கதம் இலக்கைத் தானாகவே தாக்கும் என்ற நம்பிக்கைக்கு அந்த ஆய்வு வைத்த கேள்விக்குறி இன்றும் அழியவில்லை.

*

இனி, இந்திய வாசகனின் அக்கறைக்கு வருகிறேன்.

ஜெர்மானியர்கள் வருவதற்கு வெகு முன்பாக இதே பகுதியில் ஒரு சிறு உரையாடல் உண்டு. விடுதியிலேயே நிரந்தரமாகத் தங்கியிருக்கும் கிழட்டு ராணுவத்தார் மேஜர், பெண்களைப் பற்றிய பேச்சில், ஒரு காலத்தில் ஒரு பெண்ணை ஓவல் மைதானத்துக்கு இந்திய அணியின் ஆட்டம் பார்க்க அழைத்துச்சென்றதை நினைவுகூர்கிறார். அவள் இந்திய ஆட்டக்காரர்களை ஓர் இழிசொல்லால் குறிப்பிட்டுக்கொண்டிருந்தாளாம். இவர் அவளைத் திருத்தினாராம். அந்தச் சொல் மேற்கிந்தியத் தீவினருக்கு உரியது, இந்தியர்களுக்கு உரியது வேறு இழிசொல் என்று. அவருக்கு வெறுப்பில் பிழையில்லை, வகைப்பாட்டில்தான் பிழை. அதுவே ஜோக்.

2013இல் பிபிசி இப்பகுதியை மறுஒளிபரப்புச் செய்தபோது இந்த வரிகளை வெட்டியது. 2020 ஜூனில், ஜார்ஜ் ஃபிளாய்டின் மரணத்தை ஒட்டிக் கிளம்பிய எழுச்சியின்போது, பிபிசிக்குச் சொந்தமான யூகேடிவி இப்பகுதியையே தன் இணையச் சேவையிலிருந்து நீக்கியது. கிளீஸ் சீறினார். மேஜர் பழங்காலத்தின் எச்சம், அவர் கருத்தை நாங்கள் ஆதரிக்கவில்லை, கேலி செய்தோம் என்றார். சில நாட்களுக்குள் எச்சரிக்கைக் குறிப்புடன் அது திரும்பி வந்தது. 2024இல் தொடரின் மூன்று பகுதிகளைச் சேர்த்து லண்டன் மேடைக்காக நாடகமாக்கியபோது, சொல்லை அதன் நேர்ப்பொருளில் மட்டுமே எடுத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள் என்று கூறி கிளீஸே அந்த இழிசொற்களை விலக்கிவிட்டார்.

இந்த விவாதத்தில் இரு தரப்பும் ஒரு விஷயத்தைத் தவறவிட்டதாக எனக்குத் தோன்றுகிறது. வெட்டியவர்கள் சொற்களைப் பார்த்தார்கள். காத்தவர்கள் நோக்கத்தைப் பார்த்தார்கள். காட்சியின் அமைப்பைப் பார்த்தவர்கள் குறைவு. பேசிலின் போர்ப் பேச்சும் மேஜரின் கிரிக்கெட் பேச்சும் ஒரே அங்கதத்தின் இரு துளிகள் என்று கிளீஸ் சொல்வதை ஏற்கத் தயங்குகிறேன். ஜெர்மானியர்கள் அந்த அறையில் இருக்கிறார்கள். பேசுகிறார்கள், கண்ணீர் விடுகிறார்கள், நிறுத்தச் சொல்கிறார்கள். இறுதித் தீர்ப்பையும் அவர்களே சொல்கிறார்கள். அந்த ஒரு வரியில் ஒட்டுமொத்த நாடகமும் அவர்கள் பக்கம் சாய்ந்துவிடுகிறது. மேஜரின் கதையில் வரும் இந்தியனும் மேற்கிந்தியனும் அறையில் இல்லை. அவர்களுக்கு முகமில்லை, பதிலில்லை. அவர்கள் சார்பில் முகம் சுளிப்பவர்கூட அங்கு யாருமில்லை. பேசில் தலையாட்டிக்கொண்டு நிற்கிறார். மேஜர் கேலிக்குரியவர்தான், மறுக்கவில்லை. ஆனால் அவரைக் கேலிக்குரியவர் என்று அறிந்துகொள்ளும் பொறுப்பு முழுவதும் பார்வையாளரிடம் விடப்பட்டிருக்கிறது. விட்மரும் ரோகீச்சும் சுட்டிய ஆபத்து அங்கேதான் குடியிருக்கிறது.

இத்தனைக்கும் 1971இல் இதே ஓவல் மைதானத்தில்தான் இந்தியா இங்கிலாந்து மண்ணில் தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது. சந்திரசேகர் 38 ஓட்டங்களுக்கு ஆறு விக்கெட்டுகளை வீழ்த்திய ஆட்டம். 1975இல் அந்த வெற்றிக்கு நான்கு வயது. அதே ஆண்டு ஜூனில் லார்ட்ஸில் மேற்கிந்தியத் தீவுகள் முதல் உலகக்கோப்பையை வென்றிருந்தது. மைதானத்தில் அவர்கள் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மேஜரின் விடுதிக்குள் மட்டும் அந்தப் பதில் வந்து சேரவில்லை.

அப்படியானால் வெட்டுவது சரியா? அதையும் என்னால் ஏற்க முடியவில்லை. வெட்டிய பிரதியில் மேஜர் அன்பான, மறதிக்காரக் கிழவராக மட்டும் எஞ்சுகிறார். ஜெர்மானியர்களைப் பேசில் நடத்தும் விதம் தலையில் பட்ட அடியின் விளைவாக மட்டும் தோன்றுகிறது. முழுப் பிரதியிலோ, அடிபடாத தலையிலிருந்தும் அதே நஞ்சு, மிகச் சாதாரணமாக, காலை நேரத்துப் பேச்சாக வருகிறது. விடுதி முழுவதற்குமே அந்நோய் உண்டென்று காட்டுவது அந்தச் சில வரிகள்தான். அவற்றை எடுத்துவிட்டால் எழுதியவர்களின் குறையும் மறைந்துவிடும், அவர்களின் கண்டுபிடிப்பும் மறைந்துவிடும். ஒரு சமூகம் எதைக் கேட்டுச் சிரித்தது என்பதற்கான சான்றை, அதைக் கேட்டுக் காயப்பட்டவர்களின் பெயரால் அழிப்பது அவர்களுக்குச் செய்யும் நன்மையாகத் தெரியவில்லை. எச்சரிக்கைக் குறிப்போடு முழுமையாக வைத்திருப்பதே நேர்மையான வழி.

*

ஒரு தகவலுடன் முடிக்கிறேன். இத்தொடரில் எந்நேரமும் அடிவாங்கும் ஸ்பானியப் பணியாளன் மானுவலாக நடித்த ஆண்ட்ரூ சாக்ஸ், 1930இல் பெர்லினில் பிறந்தவர். தந்தை யூதர். 1938இல் நாஜிகளிடமிருந்து தப்பி அக்குடும்பம் லண்டன் வந்து சேர்ந்தது. ஸ்பானிய உச்சரிப்பு வருமோ என்று தயங்கிய அவர், மானுவலை ஜெர்மானியனாக ஆக்கலாமே என்று கேட்டுப் பார்த்ததும் உண்டு. இதே பகுதியின் தீ விபத்துக் காட்சியில், புகை வருவதற்காக உடையில் தடவிய ரசாயனம் தோல்வரை இறங்கி அவருக்குக் கடுமையான புண்களை உண்டாக்கியது.

போரைப் பற்றிப் பேசாதே என்று பேசில் எச்சரிக்கும் அந்த விடுதியில், நடிகர்களின் வரிசையில், போர் ஏற்கெனவே வெள்ளை மேற்சட்டை அணிந்து தட்டேந்தி நடந்துகொண்டிருந்தது. பெர்லினைப் பற்றிய ஜோக் சொல்லப்பட்ட அந்தப் படப்பிடிப்பில், பெர்லினை இழந்த ஒருவரும் வேலை செய்துகொண்டிருந்தார். இதை அறிந்தபின் அப்பகுதியை மீண்டும் பார்த்தேன். முன்பு சிரித்த இடங்களில் இப்போதும் சிரித்தேன். ஆனால் மேஜர் பேசும்போதும் அந்தப் பெண் அழும்போதும் சிரிப்பு ஒரு கணம் தாமதித்தே வந்தது. ஐம்பது ஆண்டு விமர்சனம் நமக்குத் தந்திருப்பது அந்த ஒரு கணத்தைத்தான் என்று தோன்றுகிறது.